கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இருக்க முடியாது. தேர்வில் மதிப்பெண் குறைந்து, வினாத்தாள் கடினம் என்று முனகினால் இது வரும். பூப்பந்தில் தோற்றுவிட்டு மட்டையின் நரம்பு தளர்ந்துவிட்டது என்றால் இது வரும். தோற்றவர் கருவியைக் குறை சொல்லக் கூடாது என்பது நல்ல பாடம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் என்ன செய்வது? அதை அளந்து பார்க்கும் பொறுப்பு யாருடையது?

இந்தக் கேள்வியை ஒரு சிறு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். விடுதி அறைகளில் ‘கிர்ர்ர்’ என்று வண்டு போல இரைந்துகொண்டு, படிக்கிறவர்களின் பொறுமையைச் சோதிக்கிறதே, அந்த மணிக்கட்டுப் பயிற்சிப் பந்துதான் அது. ‘ஜைரோ பந்து’ என்கிறோம். ‘பவர் பால்’ என்றும் சொல்கிறோம். டென்னிஸ் பந்தைவிடச் சற்றுப் பெரிது, உள்ளங்கையில் அடங்கும். உள்ளே ஒரு சக்கரம் சுழலும். மேலே உள்ள சிறிய எண்பலகை, நிமிடத்திற்கு எத்தனை சுற்று என்று காட்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நம் விடுதிகளில் நடக்கும் பந்தயங்களையும் பெருமைகளையும் நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய பந்து காட்டும் எண்ணும், தேய்ந்த பந்து காட்டும் எண்ணும் ஒன்றல்ல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “உன் கையைவிட என் கை பலம்” என்று சொல்வது அறிவியலுக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது. ஏன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

பந்துக்குள் என்ன நடக்கிறது?

‘ஜைரோஸ்கோப்’ என்ற பெயர் 1852-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிவியலாளர் லியோன் ஃபூக்கோ வைத்தது. பூமி தன்னைத் தானே சுற்றுவதைக் காட்ட அவர் அமைத்த கருவிக்கு அந்தப் பெயரை இட்டார். அதே தத்துவத்தைக் கைக்குள் அடக்கி, மணிக்கட்டுப் பயிற்சிக்கு உதவும் பந்தாக அமைத்து, 1973-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஆர்ச்சி மிஷ்லர். அதாவது இந்தப் பந்துக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. நம்மில் பலருடைய பெற்றோரின் வயது!

பந்தின் உள்ளே கனமான ஒரு சுழலி இருக்கிறது. அதன் நடுவே ஓர் அச்சு. அச்சின் இரு முனைகளும் கம்பி போல மெலிந்தவை. பந்தின் ஓட்டுக்கு உட்புறம் வட்டமாக ஓடும் ஒரு தடம் இருக்கிறது. அச்சு முனைகள் அந்தத் தடத்துக்குள் நுழைந்திருக்கும். இரு முனைகளையும் நேரெதிரே பிடித்து வைத்திருக்க ஒரு மெல்லிய வளையமும் உண்டு. அவ்வளவுதான். மின்கலமும் இல்லை, மோட்டாரும் இல்லை. அப்படியிருந்தும் சுழலி நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான சுற்றுகளை எப்படி எட்டுகிறது?

கயிற்றாலோ கட்டை விரலாலோ முதலில் சுழலியைச் சுற்றிவிடுகிறோம். பிறகு மணிக்கட்டைச் சாய்க்கிறோம். வேகமாகச் சுழலும் பொருளைச் சாய்த்தால், அது சாய்த்த திசையில் போகாது, பக்கவாட்டில் திரும்பும். அப்போது அச்சின் ஒரு முனை தடத்தின் மேல் விளிம்பையும், மறுமுனை கீழ் விளிம்பையும் அழுத்துகின்றன. அழுத்திக்கொண்டே தடத்தில் உருள்கின்றன. ரயில் சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்வது போல, முனை தடத்தைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடிமானம்தான் சுழலியை மேலும் மேலும் முடுக்குகிறது. பிடிமானத்துக்கு நாம் தமிழ்ப்பள்ளியில் படித்த பெயர் உராய்வு. உராய்வு இல்லையென்றால் இந்தப் பந்து வெறும் கிலுகிலுப்பை.

இது விளையாட்டுப் பொருளாயிற்றே, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்காதீர்கள். ‘டைனா பீ’ என்ற பெயரில் விற்கப்பட்ட இதே பந்தைப் பற்றி 1980-இல் இயற்பியல் ஆசிரியர்களுக்கான அமெரிக்க இதழ் ஒன்றில் கட்டுரை வந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் குலிக், ஓரைலி என்ற இருவர் இதன் இயக்கத்தைச் சமன்பாடுகளாக எழுதிப் பொறியியல் ஆய்விதழில் வெளியிட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் மதித்த பொருளை நாம் மதிப்பதில் தவறில்லை!

பம்பரம் சொல்லும் பாதி உண்மை

பம்பரம் விட்டுப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். புதுப் பம்பரத்தின் ஆணி கூராக இருக்கும், தரையைக் குத்தும், துள்ளும். நாலு நாள் விட்ட பிறகு ஆணி மழுங்கி வழவழப்பாகும். அதன் பிறகு பம்பரம் அசையாமல் நின்று சுழலும். “தூங்குது பார்” என்போம். நம் நாட்டில் மலாய்க்காரர்கள் விடும் காசிங் பம்பரத்திலும் இதே சங்கதிதான். கிளந்தானில் நெடுநேரம் சுழலவிடும் போட்டிகளில் காசிங் ஒரு மணி நேரத்துக்கு மேலும் சுழல்வதுண்டு. அப்படிச் சுழல வேண்டுமென்றால் முனையில் உராய்வு குறைவாக இருந்தாக வேண்டும்.

இந்த அனுபவத்தை அப்படியே ஜைரோ பந்துக்குப் பொருத்தி, “பழகப் பழக நன்றாக ஓடும், எண்ணெய் விட்டால் இன்னும் நன்றாக ஓடும்” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இது பாதி உண்மை. நெடுநேரம் சுழல வேண்டிய பம்பரத்துக்கு உராய்வு பெரும்பாலும் பகைதான். ஜைரோ பந்துக்கோ உராய்வு பகையும் நட்பும். வளையத்தில் அச்சு தேயும் இடத்தில் உராய்வு பகை. அது வேகத்தைத் தின்கிறது. தடத்தில் முனை உருளும் இடத்தில் உராய்வு நட்பு. அதுதான் வேகத்தைக் கொடுக்கிறது. எண்ணெய் விட்டால் பகையும் குறையும், நட்பும் போய்விடும். முனை உருள்வதற்குப் பதிலாக வழுக்கும். மணிக்கட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். எண் மட்டும் ஏறாது.

புதியதும் தேய்ந்ததும்

இனி விஷயத்துக்கு வருவோம். புதிய பந்துக்கும் தேய்ந்த பந்துக்கும் என்னதான் வேறுபாடு?

முதலாவது, பழகும் காலம். எந்த இரண்டு பரப்புகளும் முதன்முதலில் உரசும்போது மேடு பள்ளங்கள் ஒன்றோடொன்று மோதும். மேடுகள் மழுங்கிய பிறகு ஓட்டம் சீராகும். புது மோட்டார் சைக்கிள் வாங்கினால், “முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு முறுக்காதே” என்று பட்டறைக்காரர் சொல்கிறார் அல்லவா? அதே காரணம்தான். ஆகவே பெட்டியைப் பிரித்த அன்றே பந்து தன் முழுத் திறனையும் காட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கொஞ்சம் ஓடிய பந்து, புத்தம் புதிய பந்தைவிட மேலாக இருக்கலாம். ‘புதியது என்றால் சிறந்தது’ என்ற நம்பிக்கை இங்கே முதல் அடி வாங்குகிறது.

இரண்டாவது, அச்சு முனையின் பருமன். பலரும் கவனிக்காத இடம் இது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தடத்தின் ஆரம் 28 மில்லிமீட்டர், முனையின் ஆரம் 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முனை வழுக்காமல் உருண்டால், மணிக்கட்டு ஒரு முறை சுற்றும்போது சுழலி 28 முறை சுற்றும். மணிக்கட்டு நொடிக்கு ஏறக்குறைய ஐந்து சுற்று சுற்றினால், எண்பலகை 8,000-ஐக் காட்டும். இப்போது அதே முனை தேய்ந்து தேய்ந்து 0.8 மில்லிமீட்டர் ஆகிவிட்டது என்று வையுங்கள். மணிக்கட்டின் ஒரு சுற்றுக்குச் சுழலி 35 முறை சுற்றும். அதே கை, அதே வேகம். எண்பலகை 10,000 காட்டும்!

“அப்படியானால் தேய்ந்த பந்துதான் நல்லது” என்று துள்ள வேண்டாம். எதுவும் சும்மா வருவதில்லை. சுழலும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 8,000-இல் இருப்பதைவிட 10,000-இல் சுழலியிடம் ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் இருக்கும். அதைக் கொடுக்க வேண்டியது கைதான். அதுமட்டுமல்ல, முனை மெலிந்தால் அது சுழலியைத் திருப்பும் திறனும் குறையும். சைக்கிளில் பெரிய கியரைப் போட்டது போலத்தான். கால் பலம் உள்ளவன் பறப்பான். பலமில்லாதவன் மிதிக்க முடியாமல் நிற்பான். ஆக, ஒரே தேய்ந்த பந்து பலசாலியின் எண்ணைக் கூட்டிக் காட்டலாம். பலவீனமானவரின் எண்ணைக் குறைத்துக் காட்டலாம். பந்தயத்தில் இதைவிட அநியாயம் வேறு என்ன வேண்டும்?

மூன்றாவது, வளையம். அச்சு முனைகள் பொருந்தும் இடம் தேய்ந்து அகலமாகிவிட்டால் சுழலி ஆடத் தொடங்கும். சத்தம் மாறும், பந்து உள்ளங்கையில் நடுங்கும். அந்தச் சத்தமும் நடுக்கமும் எங்கிருந்து வருகின்றன? உங்கள் கை கொடுத்த ஆற்றலில் இருந்துதான். சுழலிக்குப் போக வேண்டியது காற்றிலும் உள்ளங்கையிலும் வீணாகிறது.

நான்காவது, வழுக்கல். வியர்வை, தூசி, தேய்ந்து உதிர்ந்த துகள், எண்ணெய் ஆகியவை தடத்தில் படிந்தால் பிடிமானம் குறையும். முனை வழுக்கும். வழுக்கினால் இன்னும் தேயும். 1953-இல் ஆர்ச்சர்ட் என்ற ஆங்கிலேயர் தேய்மானத்துக்கு ஓர் எளிய விதியை வெளியிட்டார். அழுத்தம் கூடினால் தேய்மானம் கூடும். வழுக்கி நகர்ந்த தூரம் கூடினால் தேய்மானம் கூடும். பரப்பு கடினமாக இருந்தால் தேய்மானம் குறையும். என் இயந்திரப் பொறியியல் பாடத்தில் இந்த விதியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது விடுதிப் பந்துதான். வழுக்குகிற பந்தை விடாப்பிடியாகச் சுற்றுகிறவர், பயிற்சி செய்யவில்லை, பந்தை அரைத்துக்கொண்டிருக்கிறார்.

தேய்மானம் சின்ன விஷயம் அல்ல. 1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் வெளிவந்த ஓர் அறிக்கை, உராய்வாலும் தேய்மானத்தாலும் ஒரு நாட்டின் தொழிற்சாலைகள் எவ்வளவு பணத்தை இழக்கின்றன என்று கணக்குக் காட்டியது. அதன் பிறகுதான் உராய்வையும் தேய்மானத்தையும் பற்றிய படிப்பு தனித் துறையாக நிமிர்ந்து நின்றது. நம் கைக்குள் இருப்பது அந்தத் துறையின் குட்டி ஆய்வுக்கூடம்.

அப்பாவின் நாள்காட்டி

இவ்வளவும் விடுதிப் பந்தயத்துக்காக மட்டும் என்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். என் வீட்டில் இந்த எண் வேறு விதமாக விளையாடியது.

என் அப்பா லாரி ஓட்டுநர். சரக்கு இறக்கும்போது பின்கதவில் கால் இடறி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்து, எலும்பு கூடி, மருத்துவமனையில் இயன்முறைப் பயிற்சிகள் முடிந்த பிறகு, இனி இலேசான பயிற்சிக்கு இந்தப் பந்தைப் பயன்படுத்தலாம் என்று பயிற்சியாளர் அனுமதி கொடுத்தார். தம்பி வைத்திருந்த பழைய பந்து ஒன்று வீட்டில் இருந்தது. அப்பா அதை எடுத்துக்கொண்டார்.

அப்பா எதையும் எழுதி வைக்கும் ஆள். லாரிப் பயணக் கணக்கு எழுதிப் பழகிய கை. முதல் நாள் வலது கையில் எவ்வளவு, இடது கையில் எவ்வளவு என்று சமையலறையில் தொங்கிய நாள்காட்டியில் குறித்தார். பிறகு தினமும் மாலையில் வலது கையின் எண்ணை மட்டும் எழுதி வந்தார். இரண்டு மாதம் எண் ஏறியது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. மூன்றாம் மாதம் எண் இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா பந்தை மேசையில் வைத்துவிட்டு, “அவ்வளவுதாம்மா இந்தக் கை. இனிமே ஸ்டியரிங் பிடிக்க ஆகாது போல” என்றார். முதலாளி ஆள் மாற்றப்போவதாகச் சொல்லியிருந்தார். வேறு வேலைக்கு, காவலாளி வேலைக்குப் போகலாமா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு குடும்பத்தின் வருமானம் அந்தச் சின்ன எண்பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த நாள்காட்டியின் முதல் நாள் பக்கம் கண்ணில் பட்டது. இடது கையின் எண் அங்கே இருந்தது. “அப்பா, இடது கையில சுத்துங்க” என்றேன். சுற்றினார். முதல் நாளைவிட எண் நன்றாகக் குறைந்திருந்தது! அடிபடாத கை, முறியாத எலும்பு, அது ஏன் பலம் இழக்க வேண்டும்? தம்பியைக் கூப்பிட்டுச் சுற்றச் சொன்னோம். அவனும் தான் வழக்கமாக எட்டும் எண்ணை எட்டவில்லை. மூன்று கைகளும் ஒரே நேரத்தில் பலம் குன்றின என்று நம்புவதைவிட, ஒரு பந்து கெட்டுப்போனது என்று நம்புவது எளிது.

தடத்தைப் பார்த்தால் மினுமினுவென்று இருந்தது. தைலம்! அப்பா மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டுதான் தினமும் பந்தைப் பிடித்திருக்கிறார். அது விரலிடுக்கு வழியே உள்ளே இறங்கியிருக்கிறது. உலர்ந்த துணியால் பொறுமையாகத் துடைத்தேன். துணியெல்லாம் கறுப்பு. துடைத்த பிறகு மூவருக்கும் எண் ஏறியது. ஆனால் பழைய அளவுக்கு வரவில்லை. சத்தமும் கரகரவென்றே இருந்தது. மிச்சம் தேய்மானம்.

புதுப் பந்து ஒன்று வாங்கினோம். இங்கேதான் நான் சொன்ன இரண்டாவது விஷயம் உதவியது. புதுப் பந்திலும் அப்பாவின் எண், பழைய பந்தின் உச்ச எண்ணை எட்டவில்லை. அப்பா முகம் மறுபடியும் வாடியது. “இது வேற பந்து, இதுக்கு வேற கணக்கு” என்று சொல்லி, நாள்காட்டியில் புதிதாக ஒரு வரிசை தொடங்கச் சொன்னேன். முதல் நாள் இரண்டு கைகளும். பிறகு வாரம் ஒரு முறை இரண்டு கைகளும். வலது கை இடது கையை எவ்வளவு நெருங்குகிறது என்பதுதான் இனி கணக்கு. பந்து தேய்ந்தாலும் இரண்டு கைகளுக்கும் அதே பந்துதானே! அப்பா காவலாளி வேலைக்குப் போகவில்லை. இப்போது லாரி ஓட்டுகிறார். சரக்கு மட்டும் வேறொருவர் இறக்குகிறார்.

அப்பாவைக் குணப்படுத்தியது பந்து என்று நான் சொல்ல வரவில்லை. குணப்படுத்தியவர்கள் மருத்துவரும் பயிற்சியாளரும். நான் சொல்ல வருவது, தேய்ந்த ஒரு கருவி நல்ல கையைக் கெட்ட கை என்று சொல்லி நம்பவைக்கப் பார்த்தது என்பதைத்தான்.

போட்டி நடத்துவோர் கவனத்திற்கு

“விளையாட்டுக்குச் செய்வதற்கு இவ்வளவு கணக்கா?” என்று சிலர் கேட்கலாம். விளையாட்டு என்றாலும் தோற்றவர் மனத்தில் ஒரு எண் தங்கிவிடுகிறது. ஆகவே விடுதி இரவுகளிலும் விளையாட்டு நாள்களிலும் இந்தப் போட்டியை நடத்தும் நண்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

அவரவர் பந்தை அவரவர் கொண்டுவரலாம் என்ற விதியை எடுத்துவிடுங்கள். எல்லாருக்கும் ஒரே பந்து என்பதே நியாயம். ஒரே பந்து போதாது என்றால், இரண்டு பந்துகளை வைத்து, ஒவ்வொருவரும் இரண்டிலும் சுற்றட்டும். ஒவ்வொருவர் முடித்ததும் தடத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். முன்னவரின் வியர்வை பின்னவருக்குத் தோல்வி ஆகக் கூடாது. முதலில் சுற்றியவருக்குக் கடைசியில் இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்; நடுவில் பந்து மாறியிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

படிப்பு முடிந்து போகும்போது பழைய பந்தை இளையோருக்கு விற்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை. “நல்லா பழகின பந்து” என்று சொல்லி விற்பதில் தவறில்லை, அது உண்மையாக இருந்தால். பழகியது வேறு, தேய்ந்தது வேறு. வாங்குகிற தம்பி தங்கையரே, கல்விக் கடனில் நாள் ஓட்டும் நாம் பழையது வாங்க வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் சோதித்து வாங்குங்கள். சுற்றிவிட்டுக் காதில் வையுங்கள்; சீரான இரைச்சல் நல்லது, விட்டுவிட்டு வரும் கரகரப்பு நல்லதல்ல. சுழலியை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். அளவுக்கு மீறி ஆடினால் வளையம் தேய்ந்துவிட்டது. மணிக்கட்டைச் சுற்றச் சுற்ற எண் ஏறாமல் சறுக்கினால் தடம் வழுக்குகிறது. துடைத்த பிறகும் சறுக்கினால், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யாராவது எண்ணெய் விடச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மதிப்பெண்ணும் ஓர் எண்தான்

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு, முதலாம் படிவத்தில் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். நேற்று வரை ‘உராய்வு’ என்று படித்தது அங்கே ‘கெசேரான்’ ஆயிற்று. முதல் தேர்வில் என் அறிவியல் மதிப்பெண் சரிந்தது. “தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அறிவியலில் கொஞ்சம் பலவீனம்” என்று ஓர் ஆசிரியர் வகுப்பில் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எண்ணைப் பார்த்தார்; சொன்னார்.

ஆனால் அந்த எண் எதை அளந்தது? உராய்வு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதை மலாயில் எழுதத் தெரியவில்லை. கை அதே கை, பந்துதான் மாறியிருந்தது. ஓராண்டுக்குள் சொற்கள் பிடிபட்டன, மதிப்பெண்ணும் ஏறியது. பின்னர் பல்கலைக்கழகத்தில் அதே உராய்வு ‘ஃப்ரிக்‌ஷன்’ என்று வந்தபோது எனக்குப் பயமில்லை. மூன்று மொழியில் ஒரே பொருளைத் தெரிந்துகொண்டது இலாபம் என்றே நினைக்கிறேன். எந்த மொழியையும் குறை சொல்லவும் இல்லை. புதுப் பந்தில் பழகத்தான் வேண்டும், பழகினேன். என் வருத்தம் வேறு. அந்த முதல் எண்ணை நம்பி, “எனக்கு அறிவியல் வராது” என்று முடிவு கட்டிக்கொண்ட தோழிகள் என்னுடன் இருந்தார்கள். நான்காம் படிவத்தில் அவர்கள் அறிவியல் பிரிவைக் கேட்கவே இல்லை. அவர்களில் ஒருத்தி தமிழ்ப்பள்ளியில் எனக்கு மின்சுற்று சொல்லிக் கொடுத்தவள்.

அவளிடம் யாரும் இடது கையில் சுற்றிக் காட்டச் சொல்லவில்லை. அதாவது, அதே கேள்வியைத் தமிழில் கேட்டுப் பார்க்கவில்லை.

நம் மொழிக் கழகங்கள் இங்கே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. நம்மில் பலர் ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளிகளுக்குச் சென்று ஊக்கமுகாம் நடத்துகிறோம், பாட்டுப் பாடுகிறோம், பரிசு கொடுக்கிறோம். அவற்றோடு, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் அறிவியல் சொற்களை மும்மொழியில் எழுதிய ஒரு சிறு பட்டியலைக் கொடுத்துவிட்டு வரலாமே. நாற்பது ஐம்பது சொற்கள் போதும். உராய்வும் கெசேரானும் ஒன்றுதான் என்று முதல் நாளே தெரிந்த பிள்ளை, தன் கையைச் சந்தேகப்படாது. அச்சடிக்கும் செலவு ஒரு ஜைரோ பந்தின் விலைகூட ஆகாது.

முடிவாக

“எல்லாவற்றுக்கும் கருவியையே குறை சொன்னால் யார்தான் உழைப்பார்கள்?” என்று ஒரு மறுப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். நியாயமான மறுப்பு. இரவு முழுவதும் தொலைபேசியைத் தடவிவிட்டுத் தேர்வில் தோற்றவர் கூடத்தைக் குறை சொல்ல முடியாது. பந்தைத் தொடாமலேயே பந்து சரியில்லை என்பவருக்கும் இந்தக் கட்டுரையில் இடமில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஊகிக்க வேண்டியதில்லை, திட்ட வேண்டியதில்லை. இன்னொரு கையை அதே பந்தில் சுற்றச் சொல்லுங்கள். அதே கையை இன்னொரு பந்தில் சுற்றச் சொல்லுங்கள். எண் எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பாருங்கள். கையோடு மாறினால் கை. பந்தோடு மாறினால் பந்து. இரண்டு நிமிட வேலை.

அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்காமல், “ஆடத் தெரியாதவள்” என்று பழமொழி சொல்லிவிட்டுப் போவது எளிது. நண்பர்களே, இனி யாராவது கூடம் கோணல் என்று சொன்னால், சிரிப்பதற்கு முன் ஒரு முறை அளந்து பாருங்கள். கூடம் நேராக இருந்தால் தாராளமாகச் சிரியுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். கோணலாக இருந்தால், ஆடுகிறவளைத் திருத்துவதற்கு முன் கூடத்தைத் திருத்துவோம்.